கிளாசுக்குள் ஏறிய தண்ணீர்

1

கதை எழுதுகிறோம் என்று நினைத்து இதை நான் தொடங்கவில்லை. சிறுவர் இதழ் நடத்தும் தோழி ஒருத்தி, வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடிய தண்ணீர்ச் சோதனைகள் நாலைந்து எழுதிக் கேட்டிருந்தாள். மிளகுத்தூள், முட்டை, உப்பு, மெழுகுவர்த்தி என்று சமையலறையில் இருப்பதே போதும். எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் ஒரு பிள்ளையிடம் செய்து பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை. என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இஷ்ரத் என்று ஆறு வயதுப் பெண் குழந்தை இருந்தாள்.

குழந்தை இருந்தது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை குளியலறைக்குள் போக மறுத்து, நனைத்துப் பிழிந்த துண்டால் மட்டும் உடம்பைத் துடைத்துக்கொள்வது தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில், மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரு சிறுமி தன் சப்பாத்துகளைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, சன்னலோரம்

அங்கேயே நிறுத்திவிட்டேன். சன்னலோரம் வைத்தால் அவளை அழ வைக்கவேண்டி வரும். இஷ்ரத் அழுகிற ரகம் இல்லை. முன்னேற்பாடு செய்கிற ரகம்.

அடுத்து இப்படி: "தேவையான பொருட்கள்: ஒரு தட்டு, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி கிளாஸ், ஒரு தகப்பன்." எழுதியதும் எனக்கே நான் கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். ஒரு நாள் கழித்துப் படித்தபோது எரிச்சல் வந்தது. அதையும் விட்டாயிற்று.

மிஞ்சியது கீழே உள்ள சாதாரண வாக்கியம்தான்.

2

யாசின் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான்.

(நேரில் பார்த்தால் "வாங்க தம்பி" என்பேன். கதைக்குள் வந்ததும் "அவன்" ஆகிவிட்டான். எழுதுகிறவர்களுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ.)

புடவை விரித்துக் காட்டுவதில் அவன் தேர்ந்த கை. "சாயம் போகுமா?" என்று கேட்டால் "போகாதுக்கா" என்பான். அந்தக் குரலில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. அதை நம்பி நானும் வாங்கியிருக்கிறேன். சாயம் போகவில்லை. அவன் மனைவி சௌதாவுக்கு ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. இருவரும் முன்பு கிள்ளானில், கொஞ்சம் தாழ்வான ஒரு தாமான் குடியிருப்பில் சொந்த வீட்டில் குடியிருந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஏழாவது மாடி என்பதற்காகவே இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள். இப்போது அவன் தினமும் கொமூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் வருகிறான். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. அன்று தடிகா பாலர் பள்ளி முடிந்து வரும் மகளுக்குச் சோறு போட்டு, உம்மா வரும்வரை பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

லிஃப்டில் பிடித்தேன்.

"தம்பி, சின்ன ஹெல்ப். இதுல எழுதியிருக்கிறத பாப்பாகூட செஞ்சு பாத்துட்டு, வருதா வரலையான்னு மட்டும் சொல்லுங்க."

தாளை வாங்கிப் பார்த்தான். "தண்ணி எக்ஸ்பெரிமென்ட்டா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்லக்கா. செய்றேன்."*

* அந்த "ஒண்ணும் இல்ல" அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. இப்போது எழுதும்போதுதான் கேட்கிறது. லிஃப்ட் நாலாவது மாடியில் நின்று யாரோ ஏறினார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

3

ஒவ்வொரு சோதனைக்கும் முதல் வரியாக நான் எழுதியிருந்தது இது: "செய்வதற்கு முன் குழந்தையிடம் கேளுங்கள், என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" விடையை எழுதவில்லை. இதழில் அது கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சாகும். இந்த வகைப் பக்கங்களில் எல்லாரும் போடுகிற கேள்விதான். பெரிதாக யோசித்துப் போட்டதில்லை.

அந்தச் செவ்வாய் மத்தியானம் யாசின் ஒரு வெள்ளைத் தட்டில் விரல் நகம் மூழ்குமளவு தண்ணீர் ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மேலே மிளகுத்தூளைத் தூவினான். இஷ்ரத் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"வா ம்மா. சும்மா தட்டு. ஆழமே இல்ல பாரு."

வரவில்லை. தாளில் இருந்ததைப் படித்தான். "வாப்பா இப்ப சோப்பு தொட்ட விரல இதுல வைக்கப் போறேன். என்ன நடக்கும்?"

"தண்ணி மேல வரும்."

"மேல எல்லாம் வராது லா. தட்டுல இருக்கிறதே இவ்ளோதான்."

இஷ்ரத் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். அவன் விரலை வைத்தான். நடுவில் இருந்த மிளகுத்தூள் முழுக்கத் தட்டின் ஓரத்துக்கு ஓடியது.

இஷ்ரத் ஓர் அடி உள்ளே வந்தாள். "பயந்து ஓடுது."

"ஆமால்ல!"

"ஓரத்துக்குப் போயிட்டா அப்புறம் எங்க போகும்?"

யாசின் தாளைத் திருப்பிப் பார்த்தான்; அதில் அது இல்லை. ஆனாலும் அவள் அந்த ஓர் அடி உள்ளே வந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. சாயங்காலம் கதவைத் தட்டி, "வருதுக்கா, மொதல்ல உள்ளது நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் முட்டை. உப்புத் தண்ணீரில் மிதக்குமா, முழுகுமா? "தண்ணி மேல வரும்." அதற்கடுத்தது, ஒரு கிளாசை விளிம்புவரை நிரப்பிச் சொட்டுச் சொட்டாக இன்னும் விடுவது. தண்ணீர் வழியாமல் விளிம்புக்கு மேல் உப்பி நிற்கும், பார்க்க விநோதமாக இருக்கும். "தண்ணி மேல வரும்." ஒவ்வொரு முறையும் அவள் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவன், புடவைக்குச் சொல்வதுபோல, "வராது" என்றான். உப்பி நின்ற தண்ணீர் கடைசியில் சரிந்து வழிந்து மேசையில் பரவியபோது, அவள் அவசரமே இல்லாமல் நாற்காலி மேல் ஏறிக் கால்களை மடக்கிக்கொண்டாள்.

4

இங்கே சௌதாவைப் பற்றி எழுதியிருந்தேன். "சௌதாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. குழந்தையின் பயத்தோடு விளையாடுவதாக அவள் மௌனமாகப் புழுங்கினாள்" என்று. கதைக்கு ஒரு தடை வேண்டும் என்ற பழக்கத்தில் எழுதியது. உண்மை மனிதர்களை வைத்து எழுதுகிறோமே என்று ஒருநாள் அந்தப் பக்கத்தைச் சௌதாவிடமே படிக்கக் கொடுத்தேன்.

படித்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, நான் எப்ப மௌனமா இருந்தேன்? கத்துனேன். கத்துனேன்னே எழுதுங்க."

"எதுக்குக் கத்துனீங்க?"

"டாக்டர்கிட்ட காட்டலாம்னு ரெண்டு வருஷமா சொல்றேன். 'தானா சரியாயிரும், தானா சரியாயிரும்'னாரு. இப்ப என்னடான்னா முட்டையப் போட்டு வைத்தியம் பாக்குறாரு."

அவள் சொல்லித்தான் எனக்கு அந்த வெள்ளம் முழுசாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை சௌதா டெங்கிலில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கிள்ளான் வீட்டில் யாசினும் நாலு வயது இஷ்ரத்தும் மட்டும். முதல் நாளிலிருந்து விடாத மழை. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று எதிர்பார்த்து அவன் அங்கே பழைய துணிகளைச் சுருட்டி அடைத்தான். அது குளியலறைத் தரையின் ஓட்டை வழியாக மேலே வந்தது. கறுப்பாக, சத்தமே இல்லாமல். மகளைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தான். "இங்க வராது ம்மா." மேசைக்கும் வந்தது. சமையலறை கேபினெட்டின் மேல் ஏற்றினான். "இங்க வரவே வராது, வாப்பா சொல்றேன்ல." இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைச் சொன்னான். பிறகு அது அவன் மார்புக்கு வந்தது. அவள் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பக்கத்துத் தாமான் இளைஞர்கள் ஃபைபர் படகோடு வந்து சன்னல் கம்பியை அறுத்து இருவரையும் வெளியே எடுத்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார்கள்.

"அதுக்கப்புறம் அவ அவருகிட்ட எதுவுமே கேக்குறதில்லக்கா" என்றாள் சௌதா. "நீங்க கவனிச்சீங்களா? 'மழை வருமா', 'தண்ணி சூடா இருக்கா', எல்லாம் என்கிட்டதான். நான் வேலைக்குப் போயிட்டா, வர்ற வரைக்கும் கேள்விய சேத்து வச்சிருப்பா. அவருக்கும் அது தெரியும்."

நான் கவனித்திருக்கவில்லை. திரும்பிப் போய் மூன்றாம் பகுதியைப் படித்தேன். தட்டின் ஓரத்துக்குப் போன மிளகு அப்புறம் எங்கே போகும் என்று அவள் கேட்டதாக எழுதியிருக்கிறேன். அதை அவள் வாப்பாவைப் பார்த்துக் கேட்கவில்லையாம். தட்டைப் பார்த்துத்தான் கேட்டாளாம். யாசினிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் பகுதியைத் திருத்தவில்லை. நான் முதலில் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதும் இருக்கட்டும்.

5

கடைசிச் சோதனை மெழுகுவர்த்தி. தட்டின் நடுவில் ஒரு சின்ன மெழுகுவர்த்தியை நிற்க வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைக் கொளுத்தி, மேலே ஒரு கிளாசைக் கவிழ்க்க வேண்டும். நெருப்பு இருப்பதால் பெரியவர் கூடவே இருக்கவேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தேன். தண்ணீர் நன்றாகத் தெரிவதற்குக் கொஞ்சம் ரோஸ் சிரப் கலக்கலாம் என்றும் எழுதியிருந்தேன்.

யாசினுக்கு விடை தெரியாது. எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்த அன்று அவர்களைப் பற்றி இவ்வளவும் தெரிந்திருந்தால் இந்தச் சோதனையைத் தாளிலிருந்து எடுத்திருப்பேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இஷ்ரத் இப்போதெல்லாம் மேசைவரை வருவாள். நாற்காலியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொள்வாள்.

"என்ன நடக்கும்?"

"தண்ணி மேல வரும்."

யாசின் சிரித்தான். இந்தத் தடவை அவனுக்குச் சந்தேகமே இல்லை. "எப்படிம்மா வரும்? கிளாச கவுத்து மூடப்போறோம். உள்ள போகக்கூட வழியில்ல. வராது."

கவிழ்த்தான். கிளாசின் விளிம்போரம் இரண்டு மூன்று குமிழிகள் வந்தன. சுடர் கொஞ்ச நேரம் நின்று, சுருங்கி, அணைந்தது. உள்ளே புகை சுழன்றது.

பிறகு தட்டில் இருந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் கிளாசுக்குள் நுழைந்து, யாரோ இழுப்பதுபோல மேலே ஏறியது.

யாசினின் கை தானாகவே மகளின் பக்கம் போனது, தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக. இத்தனை வாரமாக அவளை மெல்ல மெல்ல வாசலிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்ததெல்லாம் அந்த ஒரு ஏற்றத்தில் போயிற்று என்று நினைத்தான். என்னைத் திட்டியிருப்பான். அதை அவன் சொல்லவில்லை, நானாகச் சேர்க்கிறேன்.

தண்ணீர் கிளாசில் கால்வாசி ஏறி நின்றது.

இஷ்ரத் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். "சொன்னேன்ல?" என்றாள்.

6

இந்த இடத்துக்கு நான் எழுதிய முதல் வடிவம்:

"யாசின் மகளை வாரி அணைத்துக்கொண்டான். 'மன்னிச்சிரும்மா, வாப்பா அன்னைக்கும் தப்பா சொல்லிட்டேன்' என்று தேம்பினான். அவள் தன் பிஞ்சு விரல்களால் அவன் கண்ணீரை

வேண்டாம். பிஞ்சு விரல் என்று வந்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

நடந்தது வேறு. யாசின் அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். துணிக்கடையில் அவன் வாயில் வராத ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அன்று வெள்ளத்திலும் அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. தகப்பன் சொல்லக்கூடாத சொல் என்று நினைத்திருந்தான்.

"எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல ம்மா" என்றான்.

இஷ்ரத் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்கிறான் யாசின். பயத்தில் இருப்பவனுக்கு எல்லாமே வெகுநேரம்தான்.

"திரும்பச் செய்ங்க" என்றாள்.

செய்தார்கள். மறுபடியும் ஏறியது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூன்றாம் முறை செய்வதற்கு முன் ஓடிப்போய்த் தன் மார்க்கர் பேனாவை எடுத்துவந்து, தண்ணீர் நின்ற இடத்தில் கிளாசின் வெளிப்புறம் ஒரு கோடு போட்டாள். தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் நின்றாள். கவனித்தாளா என்று அவனுக்குத் தெரியாது. சுட்டிக்காட்டவும் அவனுக்குத் தைரியமில்லை.

"வாப்பா, எப்பவும் இந்தக் கோட்டுலதான் நிக்குமா?"

அவன் வாயில் "ஆமா" என்பது வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான்.

"தெரியல. பாப்போமா?"

அந்த முறை தண்ணீர் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே போய் நின்றது. இஷ்ரத் தலையை ஆட்டிக்கொண்டாள். புதிதாக இன்னொரு கோடு போட்டாள்.

சௌதா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் மெழுகு வாசனை. மேசை முழுக்க ரோஸ் சிரப். தகப்பனும் மகளும் கடைசித் தீக்குச்சியை யார் உரசுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டக் கொளுத்தப் போறீங்களா ரெண்டு பேரும்?"

(கத்தினாள். எழுதிவிட்டேன் சௌதா.)

"உம்மா, தண்ணி மேல வந்துச்சு! வாப்பாவுக்கே ஏன்னு தெரியல!"

7

அன்று சாயங்காலமே இருவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஏன் என்று கேட்க.

நான் தயாராக இருந்தேன். "உள்ள இருக்கிற ஆக்சிஜன நெருப்பு எரிச்சுத் தீத்துடுது பாப்பா. அந்தக் காலி இடத்துக்குத் தண்ணி வந்துடுது." கடைசிப் பக்கத்தில் அச்சாகவேண்டிய விடையும் அதுவேதான்.

இஷ்ரத் யோசித்தாள். "அப்ப குமிழி ஏன் வந்துச்சு ஆன்டி?"

"எந்தக் குமிழி?"

"கிளாஸ் வைக்கும்போது வந்துச்சே. வெளிய."

போய்த் தேடிப் படித்தேன். நான் சொன்னது தப்பு. நிறைய பேர் சொல்கிற தப்பு என்பது ஒரு சின்ன ஆறுதல். சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே தப்பிவிடுகிறது. அந்தக் குமிழிகள் அதுதான். நெருப்பு அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கிளாஸ் எவ்வளவு சூடானது என்பதைப் பொறுத்து ஏற்றம் கூடும், குறையும். ஆகவே கோடு ஒரே இடத்தில் நிற்காது.

இதழுக்கு விடையைத் திருத்தி அனுப்பினேன். "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்ற வரிக்குக் கீழே பெரியவர்களுக்காக ஒரு வரி சேர்த்தேன்: "உங்களுக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லலாம்." தோழி அதை வெட்டிவிட்டாள். பக்கத்தில் இடம் போதவில்லையாம்.

8

இனி முடிவு.

இஷ்ரத் ஷவருக்கு அடியில் நின்று குளிக்கிறாள், கதவுக்கு வெளியே சௌதா அழுகிறாள் என்று முடித்தால் எல்லாருக்கும் பிடிக்கும். நடக்கவில்லை. இப்போது அவள் குளியலறைக்குள் போகிறாள். வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்கிறாள், தலைக்கு ஊற்றுவதில்லை. தரை ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறாள். சௌதா சொன்ன டாக்டரிடமும் போய் வருகிறார்கள். யாசினே கூட்டிப் போகிறான். ஒரு மெழுகுவர்த்தி அத்தனையையும் சரிசெய்துவிட்டது என்று நான் எழுதினால் அந்த டாக்டர் சிரிப்பார்.

இன்னொரு முடிவு, அவள் வளர்ந்து விஞ்ஞானி ஆவது. அதை எழுதக்கூட இல்லை.

நிஜமாகக் கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். கிள்ளான் வீட்டுக்குப் புதிதாகச் சாயம் அடித்து, கதவு மாற்றி வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போகலாமா, விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. சௌதாவுக்குப் போக ஆசை. அக்கம்பக்கம் எல்லாம் அங்கேதான். யாசினுக்கு ரயில் அலைச்சல் மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் கொமூட்டரில் போய், அந்தத் தெருவில் தங்கள் வீட்டுக் கேட்டின் முன்னால் நின்றார்கள். வெயில் நன்றாக அடித்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா கைகாட்டினாள். கேட்டைத் திறக்கச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த யாசினின் சட்டையை இஷ்ரத் பிடித்து இழுத்தாள். சௌதா பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் கேள்வி அவனுக்கு.

"வாப்பா, இங்க மறுபடியும் தண்ணி வருமா?"

யாசின் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தான். பதில் சொன்னான். என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். சௌதாதான் சொன்னாள்.

அதை இங்கே எழுதினால் நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதனால் எழுதப்போவதில்லை. வராது என்று சொல்ல அவனால் முடியாது. வரும் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குள் அவளை எப்படிக் கூட்டிப்போவது? தெரியாது என்பது மெழுகுவர்த்திக்குப் போதும். பிள்ளை தூங்கப்போகும் வீட்டுக்குப் போதுமா?

நீங்கள் அந்தக் கேட்டின் முன்னால் நின்றால் என்ன சொல்வீர்களோ, அதைக் கீழே எழுதுங்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இங்க பாரு ம்மா,